மெட்ஆர்கைவ்: கொரோனா ஆய்வுகளை மூலத்திலேயே படிக்க ஒரு தளம் – பயன்பாட்டு மதிப்புரை

2020-ன் முதல் பாதியில் 'கொரோனா பற்றிப் புதிய ஆய்வு' என்று ஓடிய செய்திகளில் பல, அந்த நாளில் எந்த மருத்துவ இதழிலும் வெளிவராத கட்டுரைகளை வைத்து எழுதப்பட்டவை. அத்தகைய கட்டுரைகள் முதலில் ஏறிய முக்கியமான இடம் மெட்ஆர்கைவ் (medRxiv). கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம், யேல் பல்கலைக்கழகம், பிரிட்டனின் மருத்துவ இதழ் நிறுவனமான பி.எம்.ஜே. ஆகிய மூன்றும் சேர்ந்து 2019 ஜூனில் தொடங்கிய தளம் இது. வூஹானில் நோய் தலைகாட்டியதற்கு ஆறு மாதம்தான் முன்னால். படிக்கவும் காசில்லை, கட்டுரை ஏற்றவும் காசில்லை.

இதழின் துறை வல்லுநர்கள் மதிப்பிடுவதற்கு முன்பே பொதுவில் வைக்கப்படும் கட்டுரையை முன்பிரதி என்கிறோம். மெட்ஆர்கைவில் இருப்பது எல்லாம் முன்பிரதிதான். பெருந்தொற்றின் தொடக்க கால ஆய்வுகள் எப்படிப் பிறந்தன, எப்படித் திருத்தப்பட்டன என்று தேதி வாரியாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது எங்கள் முடிவு. அதே சமயம், கட்டுரைச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு வெளியேறுகிறவருக்கு இது ஆபத்தான இடம். சரிபார்க்கத் தேவையான அத்தனையும் தளத்திலேயே இருக்கிறது. ஆனால் முதலில் கண்ணில் படும் இடத்தில் இல்லை.

கட்டுரை வந்ததும் என்ன நடக்கிறது? ஊழியர்கள் எழுத்துத் திருட்டு இருக்கிறதா, நோயாளியை அடையாளம் காட்டும் விவரம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நெறிமுறைக் குழு அனுமதி, மருந்துச் சோதனை என்றால் அதன் பதிவு எண், பணம் கொடுத்தவர் யார், ஆய்வாளர்களுக்கு வேறு ஆதாயம் உண்டா என்ற அறிவிப்புகள் எல்லாம் கட்டாயம். பிறகு துறை தெரிந்த ஒருவர் மேலோட்டமாகப் பார்த்து, இது ஆய்வுக் கட்டுரைதானா, பொது நலனுக்குக் கேடு செய்யுமா என்று முடிவு சொல்கிறார். தனி நோயாளி ஒருவரின் அறிக்கை, தலையங்கம், கருத்துக் கட்டுரை ஆகியவற்றை ஏற்பதில்லை. இவ்வளவுதான் சல்லடை. கணக்கு சரியா, ஒப்பீடு நியாயமா, முடிவு தரவிலிருந்து வருகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. 'மெட்ஆர்கைவில் வந்தது' என்பதற்கு 'உள்ளே விட்டார்கள்' என்பதற்கு மேல் பொருள் கிடையாது. தளமும் இதை ஒளிக்கவில்லை. ஒவ்வொரு கட்டுரைப் பக்கத்திலும் இது மதிப்பிடப்படாதது, சிகிச்சைக்கு வழிகாட்டியாகக் கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கை இருக்கிறது. பி.டி.எஃப். பக்கங்களின் தலைப்பிலும் அந்தப் பதிப்பு ஏறிய தேதியும், மதிப்பிடப்படாதது என்ற குறிப்பும் அச்சாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் சுருக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த வரிதான்.

பக்கத்தைத் திறந்ததும் சுருக்கத்தைப் படிக்காதீர்கள். மேலே உள்ள தாவல்களில் வரலாறு (Info/History) என்பதை முதலில் திறங்கள். கட்டுரைக்கு எத்தனை பதிப்பு வந்தது, எந்தத் தேதியில் வந்தது என்பது அங்கே இருக்கிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர அடையாள எண்ணான டி.ஓ.ஐ.யிலேயே ஒரு தேதி ஒளிந்திருக்கும். 10.1101/2020.04.14.20062463 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்: ஏப்ரல் 14-ல் தளத்துக்கு வந்த கட்டுரை, பொதுவில் ஏறியது ஏப்ரல் 17-ல். கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா மாவட்டத்தில் எத்தனை பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்துபோயிருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் கணக்கிட்ட ஸ்டான்ஃபோர்டு குழுவின் ஆய்வு அது. இந்தத் தளத்தைப் பழகிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான கட்டுரை இல்லை.

3,330 பேரைச் சோதித்தார்கள். 50 பேருக்கு எதிரணு, அதாவது தொற்று வந்துபோனதைக் காட்டும் எதிர்ப்பொருள், இருந்தது. அதாவது 1.5 சதவீதம். மக்கள்தொகைக்கு ஏற்பச் சரிக்கட்டி, பரிசோதனைக் கருவியின் பிழையையும் சேர்த்து, 2.5 முதல் 4.2 சதவீதம் பேருக்குத் தொற்று வந்திருக்கலாம் என்றார்கள். மாவட்டம் முழுவதும் 48,000 முதல் 81,000 பேர். உறுதி செய்யப்பட்ட எண்ணிக்கையைப் போல் 50 முதல் 85 மடங்கு. செய்தி உலகமெங்கும் பறந்தது. தொற்று இவ்வளவு பரவியும் சாவு குறைவு என்றால் நோய் அவ்வளவு கொடியது அல்ல என்ற வாதத்துக்கும் அது ஆதாரமானது.

சிக்கல் கருவியில் இருந்தது. தொற்று வராதவர்களின் 401 மாதிரிகளில் 2 தவறாக 'உண்டு' என்று காட்டின. ஆகவே தொற்று இல்லாதவரை 'இல்லை' என்று சரியாகச் சொல்லும் திறன் 99.5 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 401 மாதிரி என்பது சிறிய எண்ணிக்கை. உண்மையான திறன் 98.3 வரை கீழே இருந்திருக்கலாம் என்று கட்டுரையே சொல்கிறது. இப்போது கூட்டல் கழித்தல் போட்டுப் பாருங்கள். 98.5 என்று வைத்துக்கொண்டால், யாருக்குமே தொற்று இல்லாத 3,330 பேரிலும் கருவி தவறாக 50 பேரைக் காட்டும். கிடைத்ததும் 50. நோய் அரிதாக இருக்கும் இடத்தில் கருவியின் ஒன்றரை சதவீதப் பிழைகூட முடிவையே விழுங்கிவிடும் என்பதற்கு இது பாடப்புத்தக உதாரணம். ஆட்களைச் சேர்த்தது ஃபேஸ்புக் விளம்பரம் மூலம். காய்ச்சல் வந்துபோனதாகச் சந்தேகப்பட்டவர்கள் ஆவலோடு வந்திருக்க வாய்ப்பு அதிகம். அது எண்ணிக்கையை இன்னும் மேலே தள்ளும்.

இத்தனையையும் கட்டுரைக்குக் கீழே உள்ள கருத்துப் பகுதியில் புள்ளியியலாளர்கள் சில நாளிலேயே எழுதிவிட்டார்கள். மாதக் கடைசியில் இரண்டாம் பதிப்பு வந்தது. தொற்று இல்லாதவர்களின் மாதிரிகள் மூவாயிரத்துக்கு மேல் சேர்க்கப்பட்டிருந்தன, முடிவு 2.8 சதவீதம், 1.3 முதல் 4.7 வரை இருக்கலாம் என்று அகலமான எல்லையோடு வந்தது. முதல் பதிப்பின் பி.டி.எஃப்.-ஐ இறக்கி வைத்திருந்தவருக்கு இது தெரிய வழியே இல்லை. கோப்பு தானாகத் திருந்தாது. யாராவது மெட்ஆர்கைவ் பி.டி.எஃப். அனுப்பினால் அதிலுள்ள டி.ஓ.ஐ.-ஐ எடுத்துத் தளத்தில் போட்டு, கடைசிப் பதிப்பைத் திறந்து படியுங்கள். அரை நிமிட வேலை.

அடுத்து பார்க்க வேண்டியது தலை எண்ணிக்கை. சிகிச்சை ஆய்வு என்றால் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எத்தனை பேர் கணக்கில் மிஞ்சினார்கள் என்று முழுக் கட்டுரையில் தேடுங்கள். 2020 மார்ச் 20-ல் ஏறிய பிரான்சின் மார்செய் நகரில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தை வைத்து நடந்த ஆய்வு, மருந்து எடுத்தவர்களில் 70 சதவீதம் பேருக்கு ஆறாம் நாள் வைரஸ் இல்லை, எடுக்காதவர்களில் 12.5 சதவீதம் பேருக்குத்தான் இல்லை என்றது. மருந்து தொடங்கியவர்கள் 26 பேர். கணக்கில் வந்தவர்கள் 20 பேர். விடுபட்ட ஆறு பேரில் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள், ஒருவர் இறந்தார், ஒருவர் குமட்டலால் நிறுத்தினார், ஒருவர் மருத்துவமனையை விட்டுப் போனார். மருந்துக் குழுவிலிருந்து மோசமானவர்களை எடுத்துவிட்டு மிச்சத்தை எண்ணினால் எந்த மருந்தும் வேலை செய்தது போலத்தான் தெரியும். இந்த விவரத்தை அவர்கள் மறைக்கவில்லை, கட்டுரைக்குள்ளேயே எழுதியிருந்தார்கள். சுருக்கத்தோடு நின்றவர்கள் கண்ணில் அது படவில்லை. இதழில் வெளியான அந்தக் கட்டுரை 2024 டிசம்பரில்தான் திரும்பப் பெறப்பட்டது.

தளத்தின் பெருமை தெரிய வேண்டுமானால் 2020 ஜூன் 22-ல் ஏறிய, டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து பற்றிய கட்டுரையைத் திறங்கள். பிரிட்டனின் ரிக்கவரி சோதனை. குலுக்கல் முறையில் 2,104 பேருக்கு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள்; 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை. 28 நாளில் இறந்தவர்கள் முறையே 21.6 சதவீதம், 24.6 சதவீதம். ஜூன் 16-ல் ஆய்வுக் குழு செய்தியாளர்களிடம் சொன்னது. ஆறு நாளில் முழு விவரமும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருந்தது. இதழில் வந்தது ஜூலையில். மலிவான, எல்லா மருத்துவமனையிலும் இருக்கிற மருந்து. அந்த இடைப்பட்ட வாரங்களில் முழு அட்டவணையைப் பார்த்து முடிவெடுக்க மருத்துவர்களுக்கு வாய்ப்பு கிடைத்தது.

அந்த அட்டவணையில் கவனிக்க வேண்டியது மூன்று வரிகள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் சாவு 40.7-லிருந்து 29.0 சதவீதமாகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் எடுத்தவர்களில் 25.0-லிருந்து 21.5. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் வழக்கமான சிகிச்சையில் 13.2, மருந்து எடுத்தவர்களில் 17.0. இந்த மூன்றாவது வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம்; ஆனால் பயன் இருப்பதாக எந்தச் சான்றும் அதில் இல்லை. ஆக்சிஜன் அளவு சரியாக இருக்கும்போதே வீட்டில் ஸ்டீராய்டு தொடங்கக் கூடாது என்பதற்கான அடிப்படை அந்த ஒரு வரி. அது 2020 ஜூனிலேயே இலவசமாகக் கிடைத்தது. 2021-ன் இரண்டாம் அலையில், முக்கியமாகச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களிடம், ஸ்டீராய்டும் சேர்ந்து கருப்புப் பூஞ்சைக்கு வழிவிட்டதை நினைக்கும்போது அந்த வரியை இன்னும் பலர் படித்திருக்கலாமே என்ற ஆதங்கம் எழுகிறது. இதழில் இறுதியாக வந்த எண்கள் சற்று மாறின (மொத்தச் சாவு 22.9, 25.7), காரணம் முன்பிரதி வந்தபோது எல்லோருக்கும் 28 நாள் முடியவில்லை. முடிவு மாறவில்லை. நல்ல ஆய்வின் முன்பிரதியும் இறுதி வடிவமும் இப்படித்தான் இருக்கும்.

உணவகக் காற்றோட்டம் பற்றி யோசிப்பவர்களுக்கு 2020 ஏப்ரலில் ஏறிய குவாங்சோ கட்டுரை இருக்கிறது. சன்னல் திறக்காத ஏ.சி. உணவகத்தில் அடுத்தடுத்த மூன்று மேசைக் குடும்பங்களில் பத்துப் பேருக்குத் தொற்று. கேமரா பதிவைப் பார்த்து, வாயுவை விட்டு அளந்து, ஆளுக்கு நொடிக்கு ஒரு லிட்டர் அளவுதான் வெளிக்காற்று வந்தது என்று கண்டார்கள்.

தேடுபொறி இந்தத் தளத்தின் பலவீனம். பொதுவான சொல் போட்டால் ஆயிரக்கணக்கில் கொட்டும். கொரோனாவுக்கென்று, உயிரியல் முன்பிரதிகளுக்கான பயோஆர்கைவோடு சேர்த்துத் தனித் தொகுப்பு இருப்பது உதவி. அதைவிட, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் யூரோப் பி.எம்.சி. தளத்தில் தேடி, அங்கிருந்து இங்கே வருவது எளிது. இன்னொரு குறை: 'இப்போது இதழில் வெளிவந்துவிட்டது' என்ற இணைப்பு. தலைப்பையும் ஆசிரியர்களையும் வைத்துத் தானியங்கியாகப் பொருத்துகிறார்கள். தலைப்பு மாறினால் இணைப்பு வராமல் போகலாம். இணைப்பு இல்லை என்பதாலேயே கட்டுரை நிராகரிக்கப்பட்டது என்று முடிவு கட்டாமல், முதல் ஆசிரியர் பெயரை, மருத்துவ இதழ்க் கட்டுரைகளின் தேடல் தளமான பப்மெட்டில் போட்டுப் பாருங்கள்.

திரும்பப் பெற்ற கட்டுரை அழிக்கப்படுவதில்லை, மேலே அறிவிப்போடு பழைய பதிப்பும் இருக்கும். சகோதரத் தளமான பயோஆர்கைவில் 2020 ஜனவரி 31-ல் டெல்லியிலிருந்து வந்த கட்டுரை, கொரோனாவின் முள்புரதத்தில் எச்.ஐ.வி.யை ஒத்த நான்கு துண்டுகள் இருக்கின்றன என்றது. அவ்வளவு குட்டித் துண்டுகள் எத்தனையோ உயிர்களின் மரபணுவிலும் பொருந்தும் என்று கருத்துப் பகுதியில் உடனே காட்டினார்கள். பிப்ரவரி 2-ல் ஆசிரியர்களே திரும்பப் பெற்றார்கள். இதழ் மதிப்பீடு இருந்தால் இப்படி நடக்காது என்று சொல்லிவிட முடியாது. 96,032 நோயாளிகள், 671 மருத்துவமனைகள் என்று 2020 மே 22-ல் 'லான்செட்' இதழில் வந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் கட்டுரை ஜூன் 4 வரை நின்றது. தரவை யாருக்கும் காட்ட முடியாமல்தான் விழுந்தது. அதற்குள் உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மருந்துக்கான பிரிவை நிறுத்தி மீண்டும் தொடங்கியிருந்தது. அதனால் தரவு எங்கே கிடைக்கும் என்ற அறிவிப்பை எப்போதும் படியுங்கள். 'கேட்டால் தருவோம்' என்ற ஒற்றை வரியையும் மெட்ஆர்கைவ் ஏற்றுக்கொள்வது எங்களுக்கு உடன்பாடில்லை.

தமிழில் படிப்பவர்கள் தொடங்க ஒரு கட்டுரை: ரமணன் லட்சுமிநாராயண் குழு தமிழ்நாடு, ஆந்திரத் தொடர்பறிதல் தரவை வைத்து எழுதியது. முன்பிரதி 2020 ஜூலையில், 'சயின்ஸ்' இதழில் செப்டம்பர் 30-ல். இதழ் வடிவில் 84,965 நோயாளிகள், அவர்களோடு பழகிய 5,75,071 பேர். பத்தில் ஏழு நோயாளிகளின் தொடர்புகளில் யாருக்கும் தொற்று கண்டறியப்படவில்லை. மிச்சமுள்ள சிலரிடமிருந்தே பெரும்பாலும் பரவியது. அதிக ஆபத்தான நெருக்கத்தில் தொற்றும் வாய்ப்பு 10.7 சதவீதம், குறைந்த நெருக்கத்தில் 4.7. ஒத்த வயதினரோடு பழகியதில்தான் ஆபத்து கூடுதல். நம் ஊர்ச் சுகாதார ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய் எழுதிய பட்டியல்களிலிருந்து வந்த எண்கள் இவை. முன்பிரதியையும் இதழ் வடிவையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, எந்த அட்டவணை கூடியது, எந்த வாக்கியம் மென்மையானது என்று ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். தளத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பது அதிலேயே கைவரும்.