குட்டியைப் பழக்கக் கொடுப்பது: லாயத்தில் விடுவதா, ஆளை வரவழைப்பதா?

மூன்று, நான்கு வயதுக் குதிரைக்கு முதன்முதலாகச் சேணம் போட்டு, ஆளேற்றிப் பழக்க ஒருவரைத் தேடும்போது பெரும்பாலும் மூன்று வழிகள் கண்ணில் படும். பயிற்சியாளரின் லாயத்தில் வாரக் கட்டணத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் விடலாம். ‘நாலே வாரத்தில் முடித்துத் தருகிறேன்’ என்று மொத்தத் தொகை பேசுபவரிடம் ஒப்படைக்கலாம். பயிற்சியாளரை நம் இடத்துக்கே வரவழைத்து வருகைக்கு இவ்வளவு என்று கொடுக்கலாம். தானே பழக்குவதை இதில் சேர்க்கவில்லை. ஏற்கெனவே இரண்டு மூன்று குட்டிகளைப் பழக்கியவருக்கு இந்த அலசல் தேவைப்படாது; கை பழகாதவருக்கு அது மலிவான வழியே அல்ல.

என் கட்சி முதல் வழிதான். ஆனால் எட்டு வாரத்தையும் பயிற்சியாளரே ஏறித் தீர்த்துவிடக் கூடாது. ஆறு வாரம் அவர், கடைசி இரண்டு வாரம் உரிமையாளர் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பிரிப்பு இல்லாவிட்டால் லாயத்தில் விடுவதிலும் பெரிய லாபம் இல்லை.

நான்கு வாரப் பேச்சை முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்றால் மொத்தம் 20 முறை. இதில் குதிரை புது இடத்துக்கும் புது ஆளுக்கும் பழக இரண்டு நாள் போகும். நீள்கயிற்றில் வட்டமாகச் சுற்றவிடும் லன்ஜிங் இரண்டு பக்கமும் சீராக வர மூன்று நாள். உடம்பைச் சுற்றிப் பட்டை கட்டி, வாயில் கடிவாளக் கம்பி வைத்துப் பழக்க இரண்டு மூன்று நாள். பின்னால் நடந்தபடி இரண்டு நீள வார்களால் திருப்பவும் நிறுத்தவும் பழக்க நான்கு நாள். சேணம் வைக்க, வயிறு சேணத்தில் படும்படி ஆள் குறுக்கே சாய்ந்து எடை பழக்க இன்னும் இரண்டு நாள். ஆக 13, 14 முறை தரையிலேயே முடிந்துவிடும். முதுகில் ஏறி ஓட்ட மிஞ்சுவது ஆறேழு முறை. அதற்குள் நடை, கொஞ்சம் டிராட் எனும் மெல்லோட்டம், நிற்கச் சொன்னால் நிற்பது என்பதோடு சரி. கேன்டர் எனும் நிதானப் பாய்ச்சல், வெளிப்பாதை, எதிரே வரும் வண்டி, தனியாகப் போவது எதுவும் நடந்திருக்காது. ‘பழகிவிட்டது’ என்ற ஒரே சொல்லை நாலு வாரக்காரரும் எட்டு வாரக்காரரும் சொல்வார்கள். இருவரும் சொல்வது ஒரே குதிரையை அல்ல.

மொத்தத் தொகையில் இன்னொரு சிக்கல், காத்திருந்தால் நட்டம் பயிற்சியாளருக்கு. வயிற்றுவாரை இறுக்கும் வேலையையே பாருங்கள். முதல் நாள் சேணம் நழுவாத அளவுக்குத்தான் இறுக்க வேண்டும். பத்தடி நடத்தி நிறுத்தி வாரில் ஒரு துளை ஏற்ற வேண்டும். மறுபடி நடத்தி, மறுபக்கம் போய் இன்னொன்று. அவசரப்பட்டு ஒரே மூச்சில் இழுத்தால் குட்டி மூச்சைப் பிடித்து முதுகை வில்லாக வளைக்கும். அடுத்த அடி எடுத்து வைத்ததும் துள்ளல்தான். தளர்வான வாராக இருந்தால் சேணம் வயிற்றுக்கடியில் போய்த் தொங்கும். அதை உதைத்து உதறிக்கொண்டே ஓடும். அப்படி ஒருமுறை நடந்த குதிரை, வாரில் கை வைத்தாலே மாதக்கணக்கில் காதை மடிக்கும். அதைத் திருத்த ஆகும் வாரங்கள் முதல் பழக்கலுக்கு ஆனதை விஞ்சிவிடும். வாரக் கட்டணத்தில் இந்த அவசரம் இல்லை; பதிலுக்கு இழுத்தடிக்கும் ஆபத்து உண்டு. ஒவ்வொரு வாரக் கடைசியிலும் குதிரை என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே பேசி, அன்று போய்ப் பார்ப்பதே அதற்கு மருந்து.

ஆளை வரவழைப்பதை ஒதுக்கித் தள்ள முடியாது. ஏற்றிக்கொண்டு போகும் செலவும் லாயக் கட்டணமும் மிச்சம். குதிரைக்கு இடமாற்றம் இல்லை. உரிமையாளரும் முதல் நாளிலிருந்தே கற்றுக்கொள்கிறார். ஆனால் 15 முதல் 18 மீட்டர் குறுக்களவுள்ள, வழுக்காத தரையுள்ள வட்ட வேலி வேண்டும். முதன்முதலாக ஏறும் நாட்களில் தரையில் நின்று குதிரையைப் பிடிக்க, பதறாத இரண்டாவது ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரம் இரண்டு முறை அவர் வந்தால் மற்ற நாட்களில் 20 நிமிடமாவது நீங்கள் அதே பாடத்தை அதே மாதிரி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஒவ்வொரு வருகையிலும் பாதி நேரம் பழையதை மீட்கவே போய்விடும்.

இரண்டையும் கலப்பதும் நடக்கும். கயிற்றில் நடத்துவது, குளம்பைத் தூக்கிக் கொடுப்பது, கட்டி வைத்தால் அமைதியாக நிற்பது, வண்டியில் ஏறுவது ஆகியவற்றை வீட்டிலேயே முடித்து அனுப்பினால் லாயத்தில் ஒரு வாரமாவது மிச்சமாகும். வண்டி ஏறக் கற்றுக்கொடுக்க வாரக் கட்டணம் கொடுப்பது வீண்.

எந்த வழியானாலும் பக்கச் செலவுகள் ஒரே மாதிரிதான்: தடுப்பூசி, குடற்புழு மருந்து, ஆறு வாரத்துக்கொருமுறை குளம்பு வேலை, காப்பீடு, சேணப் பொருத்தம். பல்லை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ‘கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்’ என்று குதிரையின் மேல் பழிபோடுகிறோம். கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் முளைக்கும் சின்ன ‘ஓநாய்ப் பல்’லில் கம்பி இடித்தால் எந்த வாயும்தான் மூடும். போதாக்குறைக்கு, இரண்டரை வயது முதல் நாலரை வயது வரை பால்பற்கள் விழுந்துகொண்டே இருக்கும். கம்பி வைப்பதற்குச் சில வாரம் முன்பே பல் பார்த்து, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, புண் ஆறவிட்டு அனுப்ப வேண்டும். லாயத்துக்குப் போன பிறகு பார்த்தால், புண் ஆறும் நாட்களுக்கும் சேர்த்துக் கட்டணம் ஓடும்.

இனி என் முடிவைத் தீர்மானித்த விஷயம்: திரும்பி வந்த பிறகான இரண்டு மாதம். எட்டு வாரத்தில் குதிரை கற்றது ஒருவருடைய எடை, ஒருவருடைய குரல், ஒருவருடைய காலழுத்தம். வீட்டுக்கு வந்த மறுநாள் வேறொருவர் சற்றுக் கனமாக உட்கார்ந்து, பயத்தில் கடிவாள வாரை இழுத்துப் பிடித்து, காலையும் இறுக்கினால் குதிரைக்கு ‘நில்’லும் ‘போ’வும் ஒன்றாகக் கேட்கும். பழக்கிய குதிரை கெட்டுப்போனது என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இந்த முதல் பத்து நாளில் நடப்பது.

அதனால்தான் ஏழாம் வாரம் உரிமையாளர் அங்கே இருக்க வேண்டும். முதல் 15 நிமிடம் பயிற்சியாளர் ஓட்ட, அதே சூட்டோடு நீங்கள் பத்து நிமிடம் ஏறுங்கள். எட்டாம் வாரம் சேணம் கட்டுவது முதல் இறங்குவது வரை நீங்களே செய்ய, அவர் வாய் திறக்காமல் நிற்கட்டும். ஒரு நாளாவது வயதான அமைதியான குதிரை ஒன்றின் துணையோடு வெளியே போய் வாருங்கள். பலர் இந்தப் பாடத்துக்கான கூலியைத்தான் முதலில் வெட்டுவார்கள். பணம் குறைவாக இருந்தால் பயிற்சியாளரின் சவாரி நாட்களில் ஒரு வாரத்தைக் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு மூன்று நாள் தரை வேலை மட்டும். பிறகு வாரம் நான்கு நாள், 20 முதல் 30 நிமிடம் போதும். இதற்கு நேரம் இல்லை என்றால் வாரத்துக்கு இரண்டு நாள் ஓட்டித்தர ஆள் பிடிக்க வேண்டும். அதுவும் பழக்கும் செலவில் சேர்த்தி. இரண்டு மூன்று மாதம் மேய்ச்சலில் ஓய்வாக விடுவது என்பது வேறு. நன்றாகப் பழகிய குட்டி கற்றதை மறக்காது. திரும்ப எடுக்கும்போது ஓரிரு வாரம் தரையிலிருந்து தொடங்கினால் சரியாகிவிடும். கெடுப்பது பத்து நாளுக்கொருமுறை நடக்கும் அரைகுறைச் சவாரிதான்.

இந்தக் கணக்கெல்லாம் சவாரிக் குதிரைக்கு. இதைவிட இளம் வயதிலேயே பழக்கப்படும் பந்தயக் குதிரைக்கோ, வண்டி இழுக்கும் குதிரைக்கோ இந்த வாரங்களை அப்படியே பொருத்த வேண்டாம்.

கட்டணம் பேசும்போது, ஏறப்போகிறவரின் எடையையும் கேளுங்கள். முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதிகள்) மூடவே ஐந்து, ஆறு வயதாகும். 450 கிலோ குட்டிக்குச் சேணத்தோடு சேர்த்து 67 கிலோவுக்குள், அதாவது உடல் எடையில் 15 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. பழக்குக் கூலியும் லாயக் கட்டணமும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கட்டும். குதிரை நொண்டிப் பத்து நாள் நின்றுவிட்டால் தீனிக்கும் இடத்துக்கும் மட்டும் கொடுத்தால் போதுமா, கூலியும் சேர்ந்து ஓடுமா என்பது அப்போதுதான் தெரியும்.