வெள்ளிக் காம்பில் தங்க மொட்டு: பொடி வைப்பதா, வார்ப்பிலேயே சேர்ப்பதா?

வெள்ளிக் காம்பிலிருந்து தங்க மல்லி மொட்டு முளைத்த மாதிரி ஒரு பதக்கம் வேண்டும் என்று மதுரை தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் கேட்டேன். "தனித்தனியா ஊத்தி, பொடி வச்சுப் பத்திடலாம் சார்" என்றார் ஆசாரி. பொடி என்பது சூடு காட்டினால் உருகி இரண்டு துண்டையும் ஒட்டவைக்கும் பற்றுலோகம்.

மோசமான வழி இல்லை. மொட்டையும் காம்பையும் மெழுகில் செதுக்கித் தனியாக வார்த்து, ராவி, கடைசியில் வெண்காரமும் பொடியும் வைத்து ஊதிவிடலாம். ஒன்று கெட்டால் அதை மட்டும் திரும்ப வார்த்தால் போதும். ஆனால் மொட்டு காம்பின் மேல் உட்கார்ந்திருக்கும், அதிலிருந்து வளர்ந்த மாதிரி இருக்காது. பொடி பிடித்த கோடு உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு வழி, 22 காரட்டில் மொட்டை முதலில் வார்த்து, அதை மெழுகுக் காம்பில் பதித்து, அச்சு கட்டி, மெழுகை எரித்துவிட்டு அந்த இடத்தில் வெள்ளியை ஊற்றுவது. இந்த வரிசையை மாற்றக் கூடாது. 92.5 வெள்ளி (நூற்றில் 92.5 பங்கு வெள்ளி) 900 டிகிரிக்குள் முழுதாக உருகிவிடும், சுத்தத் தங்கத்துக்கு 1064 டிகிரி வேண்டும். தங்கத்தை வெள்ளி மேல் ஊற்றினால் காம்பு இளகிவிடும். சரியான வரிசையிலும் ஆபத்து உண்டு. 22 காரட் 1064-க்கு முன்பே இளகும்; உருகிய வெள்ளி தங்கத்தைக் கரைக்கவும் செய்யும். வெள்ளி அதிகம் சூடேறினால் மெல்லிய இதழ் நுனிதான் முதலில் போகும்.

அப்புறம் செம்பு. மெழுகை எரிக்க அச்சைச் சூளையில் 700 டிகிரிக்கு மேல் வைப்பார்கள். அதற்குள் தங்கத்தில் இருக்கும் செம்பு கருத்துவிடும், கருத்த இடத்தில் வெள்ளி ஒட்டாது. அதனால் மொட்டின் அடியில் ஒரு கொக்கியோ துளையோ விட வேண்டும். உறையும்போது சுருங்கும் வெள்ளி அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது.

இரண்டையும் ஒரே மூசையில், அதாவது உருக்கும் கிண்ணத்தில், உருக்கலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். சிரித்தார். இரண்டும் எந்த அளவிலும் ஒன்றாகக் கலந்துவிடும், வெளிறிய மஞ்சளோ வெள்ளையோதான் மிஞ்சும்.

பழசாகப் போடும்போது பொடி வைத்ததே லாபம், சூடு காட்டினால் பிரிந்துவிடும். வார்ப்பில் சேர்ந்ததை அறுக்க வேண்டும், இல்லையென்றால் நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியைக் கரைத்துத் தங்கத்தை எடுக்க வேண்டும். விற்கும் யோசனை இருந்தால் ஆசாரி சொன்னதையே கேளுங்கள்.

நான் வார்ப்பிலேயே சேர்க்கச் சொன்னேன். ஓர் இதழ் நுனி மழுங்கித்தான் வந்தது. "திரும்ப ஊத்தவா?" என்றார். வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன்.