சகி மையத்தில் 5 நாள்

புருஷன் அடித்த ராத்திரி பதினொன்றரைக்கு, பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போட்டேன். "இப்போ பத்திரமா இருக்கீங்களாம்மா?" என்றுதான் அந்தப் பெண் முதலில் கேட்டார். எதற்கு அடித்தார் என்று கேட்கவில்லை. அதற்கே ஒரு நட்சத்திரம்.

அங்கிருந்து எங்கள் மாவட்ட சகி மையம், அடி வாங்கி வரும் பெண்களுக்கு அரசு நடத்தும் இடம். சாம்பார் தண்ணிதான், ஆனால் சூடாக வரும். பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்லை. 5 நாள்தான் தங்கலாம். அதற்குள் வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் யார் கொடுப்பார்களோ!

அங்கே உருப்படியான விஷயம் கவுன்சிலர் அக்காதான். ஒரு நோட்டைக் கொடுத்து, "வேலைக்குப் போகாத நாளையெல்லாம் எழுதும்மா" என்றார். நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர், ஷிஃப்ட்டுக்கு 480 ரூபாய். கண் வீங்கினால் மூன்று நாள் போகமாட்டேன், படியில் விழுந்துவிட்டேன் என்று சொல்லிவிடுவேன். ஒரு வருடத்தில் 34 நாள், 16,320 ரூபாய். ஒரு நாள் லீவு போட்டாலும் அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் 1,000 போய்விடும். அப்படி 9 மாதம். உடைத்த போன் 8,500, எக்ஸ்ரே, மருந்து 1,200. மொத்தம் 35,020. அடகு வைத்த நகை தனி.

2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டம், 20-ஆம் பிரிவில் இதையெல்லாம் கேட்கலாமாம். சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும் அந்தச் சட்டப்படி வன்முறைதான். சனிக்கிழமை சம்பளக் கவரை வாங்கிக்கொள்வது புருஷன் உரிமை என்றல்லவா நான் இருந்தேன்!

குடிதான் காரணம் என்பாள் மாமியார். நோட்டில் தேதிகளைப் பார்த்தால் பாதி நாள் அவர் குடிக்காத நாள். ஹெல்பராக இருந்த நான் டெய்லர் ஆன மாதத்திலிருந்துதான் அடி வரிசையாக விழுந்திருக்கிறது, அதுவும் அவருக்கு லோடு கிடைக்காத வாரங்களில்.

இனி குறை. இந்தச் சட்டப்படி உதவ அரசு வைத்திருக்கும் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் சீட்டில் ஆள் இல்லை. மூன்று ஷிஃப்ட் போச்சு. அதையும் நோட்டில் ஏற்றிவிட்டேன். முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் கோர்ட் வழக்கை முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். எனக்கு ஏழு மாதமாக வாய்தா. வக்கீல் மட்டும் இலவசம். சட்ட உதவி மையத்தில் பெண் என்றால் வருமானம் பார்ப்பதில்லை.

நோட்டுக்கு 5 நட்சத்திரம், பாத்ரூமுக்கு 1. போகிறவர்கள் சம்பளச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, அடகு ரசீது எடுத்துக்கொள்ளுங்கள். கதவைக் கட்ட ஒரு துண்டுக் கயிறும்.