கொக்குவில் விறாந்தையில் ஓர் இங்கிலிஷ் வகுப்பு

நல்லூரில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசெப்ஷன் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டுக்காரருக்கு மெயில் எழுதுவதே பாதி வேலை. அதற்காகத்தான் கொக்குவிலில் ஒரு ரீச்சர் தன் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரம் நடத்தும் இலக்கண வகுப்பில் சேர்ந்தேன். மாதம் 3000 ரூபா. வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்.

அந்தக் காசு வினையடைப் பாடத்துக்கே தகும். வினையடை என்றால் அட்வெர்ப், வினையைப் பற்றிச் சொல்லும் சொல். வழக்கமான ரியூசன்களில் கடைசியில் எல், வை வந்தால் வினையடை என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். ரீச்சர் முதலில் பலகையில் எழுதியதே ஃப்ரெண்ட்லி, லவ்லி, காஸ்ட்லி. மூன்றும் பெயரடை, அதாவது பெயர்ச்சொல்லைப் பற்றிச் சொல்லும் அட்ஜெக்டிவ்! பெயர்ச்சொல்லோடு அந்த வால் ஒட்டினால் பெரும்பாலும் பெயரடை. ஸ்லோ, குவிக் மாதிரிப் பெயரடையோடு ஒட்டினால்தான் வினையடை. ஃபாஸ்டுக்கு வாலே இல்லை. 'எ ஃபாஸ்ட் பஸ்' என்றால் பெயரடை, 'ஹி ட்ரைவ்ஸ் ஃபாஸ்ட்' என்றால் வினையடை. 'ஹி வொர்க்ஸ் ஹார்ட்' என்றால் மாடாய் உழைக்கிறான். 'ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் துரும்பைக்கூட அசைக்காத ஆள். "வாலைப் பாக்காதேங்கோ, அந்தச் சொல்லு வசனத்திலை ஆரோடை சேருது எண்டு பாருங்கோ" என்பார்.

எனக்கு அதிகம் உதவியது இன்னொன்று. தமிழில் 'ஆன' வந்தால் பெயரடை, 'ஆக' வந்தால் வினையடை என்று ஒரு குறுக்குவழி இருக்கிறதே, அது எங்கே காலை வாரும் என்று காட்டினார். வேகமான பஸ், வேகமாக ஓடியது: சரி. ஆனால் 'நண்டுக்கறி உறைப்பாக இருக்கிறது' என்பதில் 'ஆக' இருந்தாலும் ஆங்கிலத்தில் ஸ்பைசிதான், ஸ்பைசிலி அல்ல. லுக், ஸ்மெல், டேஸ்ட் போன்ற வினைகள் வந்தால் அந்த இடத்தில் 'இஸ்' போட்டுப் பார்க்கச் சொல்கிறார். 'த கறி டேஸ்ட்ஸ் ஸ்பைசி' என்பதில் 'இஸ்' போட்டாலும் வசனம் நிற்கிறது, ஆகவே பெயரடை. 'ஷி லுக்ட் கேர்ஃபுலி அட் த பில்' என்பதில் போட்டால் வசனம் உடைகிறது. அங்கே பார்த்த விதத்தைச் சொல்கிறது, வினையடை. எங்கள் விடுதி மெனுவை அன்றிரவே எடுத்து வைத்துச் சரிபார்த்தேன்.

குறைகளும் உண்டு. 'கம் இன்' என்பதில் வரும் இன் வினையடை, 'இன் த ரூம்' என்பதில் வருவது முன்னிடைச்சொல், அதாவது ப்ரெபொசிஷன். இவ்வளவு குழப்பமான விடயத்தை வகுப்பு முடியும் நேரத்தில் அவசரமாகச் சொல்லி முடித்தார். பயிற்சித்தாள் மங்கிய போட்டோக் கொப்பி. பேச்சுப் பயிற்சி அறவே இல்லை, ஸ்போக்கன் இங்கிலிஷ் தேடுகிறவர்கள் வேறு இடம் பாருங்கள். மெயில், கடிதம், விண்ணப்பம் எழுதுகிறவர்கள் தாராளமாகச் சேரலாம். காங்கேசன்துறை வீதி பஸ்ஸில் வந்து இறங்கினால் நடக்கிற தூரம்தான். முன்வரிசையில் இடம் பிடியுங்கள், நுளம்புச் சுருளின் புகை பின்னுக்கு எட்டாது.