எழுதி வைப்பதா, எழுதிக் கொடுப்பதா?

எங்கள் வேலூர்ப் பக்கத்தில் பெரியவர்கள் "பொண்ணு பேருக்கு எழுதி வெச்சிருக்கேன்" என்றால் அது உயில். "எழுதிக் கொடுத்துட்டேன்" என்றால் செட்டில்மென்ட். முதலாவதில் வீடு இன்னும் அவர்களுடையது. இரண்டாவதில் பத்திரம் பதிவான அன்றைக்கே கைமாறிவிட்டது.

ஆறு மாதமாக எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். அம்மாவுக்கு 78 வயது. தோட்டப்பாளையத்தில் அவர் பேரிலேயே வாங்கிய வீடு. கீழே அம்மாவும் தங்கையும் இருக்கிறார்கள். மாடியில் உள்ள இரண்டு அறைகளை, சிஎம்சி மருத்துவமனைக்கு வைத்தியம் பார்க்க வருகிற வெளியூர்க் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அந்த வாடகைதான் அம்மாவின் மாத்திரைச் செலவு. வீடு தங்கைக்கு என்பதில் எனக்கோ அண்ணனுக்கோ மாற்றுக் கருத்து இல்லை. எப்படித் தருவது என்பதில்தான் இழுபறி.

முதலில் செலவு. உயிலுக்கு முத்திரைத்தீர்வை கிடையாது. பதிவுகூடக் கட்டாயமில்லை. செட்டில்மென்ட் என்றால் குடும்பத்துக்குள் எழுதுவதற்குச் சந்தை மதிப்பில் 1 சதவீதம் முத்திரைத்தீர்வை, 1 சதவீதம் பதிவுக் கட்டணம். 2023 ஜூலை முதல் இவற்றின் உச்சவரம்பு 40,000 ரூபாயும் 10,000 ரூபாயும். 60 லட்சம் மதிப்புள்ள வீடு என்றால் மொத்தம் 50,000 ரூபாய் ஆகும். ஒரு முறைச் செலவுதான். இதை வைத்து மட்டும் யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

செட்டில்மென்டின் பலம் அதன் உறுதி. வில்லங்கச் சான்றில் ஏறிவிடும், பட்டாவும் மாற்றிக்கொள்ளலாம். அம்மா காலத்துக்குப் பிறகு யாரும் யாரிடமும் கையெழுத்து கேட்டு நிற்க வேண்டாம். அண்ணன் இதைத்தான் சொல்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த உறுதி எழுதிக் கொடுத்த பெற்றோருக்கு எதிராகவும் நிற்கும். எழுதிக் கொடுத்தவர் மனம் மாறினாலும் தானாகப் போய் ரத்து செய்ய முடியாது. எங்கள் உறவிலேயே ஒரு பெரியம்மா, மகனுக்கு எழுதிக் கொடுத்த மறு வருடம் வாடகை எவ்வளவு வருகிறது என்று கேட்கும் உரிமையைக்கூட இழந்தார். மகன் கெட்டவன் இல்லை. சொத்து தன்னுடையது என்று நினைத்துவிட்டான், அவ்வளவுதான். பத்திரத்தில் ஒரு ஷரத்தும் இல்லை.

2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 60 வயதானவர், தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, சொத்தை வாங்கிக்கொண்டவர் பார்க்காமல் விட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து அதை ரத்து செய்யக் கேட்கலாம். நம் மாவட்டத்தில் வேலூர், குடியாத்தம் என்று இரண்டு கோட்டங்கள். ஆனால் அந்த நிபந்தனை இருந்தது என்பது நிலைநாட்டப்பட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், முதியவர்களுக்குச் சாதகமாகத்தான் இந்தச் சட்டத்தைப் படிக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு தாய்க்குச் சொத்தைத் திருப்பித் தர வைத்தது. நல்ல தீர்ப்புதான். இருந்தாலும் 80 வயதில் ஒரு தாய் மனுவோடு அலுவலகப் படி ஏற வேண்டுமா?

ஆகவே செட்டில்மென்ட்தான் என்று முடிவெடுப்பவர்கள் இரண்டு ஷரத்துகளை விடவே கூடாது. ஒன்று, ஆயுள் உள்ளவரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உள்ள உரிமை கொடுப்பவருக்கே. அதை எழுதிவிட்டால், பிள்ளை விற்றாலும் வாங்குகிறவர் அந்த உரிமைக்கு உட்பட்டுத்தான் வாங்க முடியும். இன்னொன்று, உணவு, வைத்தியம், பராமரிப்பு தர வேண்டும் என்ற நிபந்தனை. "அன்பின் பேரில்" என்ற வழக்கமான வரியோடு பத்திர எழுத்தர் முடித்தால், நிறுத்தி எழுதச் சொல்லுங்கள்.

உயிலில் இந்தப் பயமே இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். வேலூரில் உள்ள சொத்துக்கு வேலூரில் எழுதிய உயிலுக்கு புரொபேட்டும், அதாவது உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் தரும் சான்றும், கட்டாயமில்லை. பலவீனம் பிறகுதான் தெரியும். எழுதியவர் இல்லாதபோது, "அம்மாவுக்கு நினைவே சரியில்லை, கையெழுத்து வாங்கிட்டாங்க" என்று யாராவது கிளப்பினால், சாட்சி போட்டவர்களில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். அதனால் இரண்டு சாட்சிகளும் எழுதுகிறவரைவிட வயதில் நன்றாக இளையவர்களாக இருக்கட்டும். அம்மாவைப் பல வருடமாகப் பார்க்கும் மருத்துவர் ஒருவர் சாட்சியாகக் கிடைத்தால் ரொம்ப நல்லது. சொத்து கிடைக்கப் போகிறவர் முன்னால் நின்று ஏற்பாடு செய்யக் கூடாது. பதிவும் செய்துவிடுங்கள். நடக்க முடியாதவர் என்றால் மனு கொடுத்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்வார்.

மேல்விஷாரம், பேரணாம்பட்டு பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு. உயிலால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தர, அல்லது வாரிசு ஒருவருக்கே தர, மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். அதனால் ஹிபா, அதாவது உயிரோடு இருக்கும்போதே தரும் கொடை, பற்றித் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்பதே சரி.

எங்கள் வீட்டுக்கு நான் சொல்வது உயில். தங்கைக்கு இதில் ஒரு பயம் இருக்கிறது. வேலையை விட்டு அம்மாவைப் பார்க்கிறவள் அவள். நாளைக்கு யாராவது பேசி அம்மா மனத்தை மாற்றிவிட்டால்? அந்தப் பயம் பொய்யில்லை. அதனால்தான் பதிவு செய்யும்போது அண்ணனும் நானும் உயிலைப் படித்துத் தெரிந்துகொள்வது என்று பேசியிருக்கிறோம். ஆனாலும் 49 வயதில் அவள் தாங்கக்கூடிய பயம் அது. வாடகையும் கதவுச் சாவியும் தன் கையில் இல்லை என்ற பயத்தை 78 வயதில் அம்மாவால் தாங்க முடியாது.

நேற்று அம்மாவிடம் இரண்டையும் நிதானமாக விளக்கினேன். கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "மாடி வாடகையை யார் கையில குடுப்பாங்க?" உயில் என்றால் உங்கள் கையில்தான் என்றேன். சரி, அதையே எழுது என்றார்.