இரண்டு வருடமாகப் பாவித்த சிங்களச் செயலி: எடுக்கட்டா என்று கேட்ட நண்பனுக்கு

"மச்சான், நீ சிங்களம் படிக்கிற அந்தச் செயலிக்கு விலை பாதியாய்க் குறைச்சிருக்கு. எடுக்கட்டா?" என்று போன கிழமை நண்பன் கேட்டான். வேறொரு நாள் கேட்டிருந்தால் உடனே ஓம் என்றிருப்பேன். அன்றுதான் டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்த ஃபோனை, உள்ளே இருந்ததெல்லாம் அழிந்த நிலையில் திரும்ப வாங்கியிருந்தேன்.

சொல் அட்டைகளைப் புரட்டும் செயலிதான். தெரிந்த சொல் நாள் தள்ளி வரும், தெரியாத சொல் நாளைக்கே வந்து நிற்கும். காரைதீவில் பஸ் ஏறினால் சம்மாந்துறை தாண்டுவதற்குள் அன்றைய பாடம் முடியும். நாளுக்கு 5 புதுச்சொல், அதற்கு மேல் எடுத்ததில்லை. இலங்கையில் 2007 ஜூலை 1க்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்களுக்கு இரண்டாம் மொழித் தேர்ச்சி கட்டாயம். அதற்காகத்தான் தொடங்கினேன்.

தீராத எரிச்சல் ஒன்று உண்டு. செயலியோடு வரும் ஆயத்தப் பாடம் சிங்களத்தைத் தமிழெழுத்தில் காட்டுகிறது. மரமும் கஹ, மஞ்சளும் கஹ. சிங்களத்தில் இரண்டுக்கும் முதலெழுத்தே வேறு. மரத்துக்கு 'தங்கம்' என்பதில் வரும் க, மஞ்சளுக்கு 'கடல்' என்பதில் வரும் க. எங்கள் நாக்கு சொல்லின் தொடக்கத்தில் கடலின் க-வுக்கே பழகியது. அப்படியிருக்க, படிப்பிக்க வந்தவர்களே அந்த வித்தியாசத்தை அழித்தால் எப்படி?

அம்பாறையில் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போகிற வழியில், மரத்தடியில் மரக்கறி விற்கும் ஓர் அம்மா இருக்கிறார். ஒருநாள் அந்த மரத்தைப் பற்றி ஏதோ கேட்டேன். அவர் மஞ்சள்தூள் பக்கெட்டை எடுத்து நீட்டினார். நான் மரத்தைக் கையால் காட்டியதும் புரிந்துகொண்டார். பக்கெட்டைத் தூக்கி ஒரு தடவை, பின்னால் திரும்பி அடிமரத்தில் உள்ளங்கையால் தட்டி ஒரு தடவை, இரண்டையும் நிறுத்திச் சொன்னார். கேட்டு, அந்தக் குரலைப் பதிந்து அட்டையில் போட்டுக்கொண்டேன். அப்புறம் அப்படியே பஸ்காரர், தேத்தண்ணிக் கடைக்காரர், பக்கத்து மேசை அக்கா என்று எத்தனையோ குரல்கள். சொந்தக் குரல் சேர்க்கலாம் என்ற அந்த ஒரு வசதிக்காகவே இதை எவ்வளவும் புகழ்வேன். சிங்கள எழுத்தை மட்டும் சி.ஆர். கொப்பியில் எழுதியெழுதித்தான் பழகினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேச்சில் மம யனவா, ஒயா யனவா, எயா யனவா. நான், நீ, அவர் யார் போனாலும் வினை மாறாது. ஆயத்தப் பாடமோ 'மம யமி' என்று எழுத்து நடையைத் தருகிறது. சோதனைத் தாளுக்கு அதுவும் வேண்டும்தான், அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இது எழுத்து, இது பேச்சு என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

இரண்டு வருடத்தில் எங்கே வந்திருக்கிறேன்? முதல் வருடம் பஸ் பலகையில் சிங்களப் பக்கத்தை வாசித்தேன். இப்போது கச்சேரியில் என் அலுவலை நானே சொல்லி முடிக்கிறேன், துணைக்கு ஆள் தேடுவதில்லை. இதை எனக்குத் தந்தது இந்தச் செயலிதான்.

சரி, டிஸ்ப்ளே மாற்றிய பிறகு செயலியைத் திரும்பப் போட்டேன். சொற்கள் முழுதும் வந்தன. குரல் ஒன்றுகூட வரவில்லை. சேமிப்பில் எழுத்து மட்டும்தான் போகுமாம். காசு வாங்கும்போது இதைச் சொல்லியிருந்தால் குரல்களை வேறெங்காவது பிரதி எடுத்து வைத்திருப்பேன். அட்டையைத் தொட்டால் இப்போது சத்தமே இல்லை.

நண்பனிடம் வேணாம் என்றுதான் சொன்னேன். "அப்ப நீ விடப்போறியா?" என்று கேட்டான். நான் நேற்று இன்னொரு வருடத்துக்குக் காசு கட்டிவிட்டேன். திங்கட்கிழமை அம்பாறையில் இறங்கியதும் முதலில் அந்த அம்மாவிடம் போக வேண்டும்.