பெயர் வைக்காத டேப் என்ன ஆகும்? ஜீனி, நோட்பேட்++, கேட், மைக்ரோ

கோடும் குறிப்பும் எழுதும் எடிட்டர் என்றதும் எல்லாரும் வேகத்தைத்தான் பேசுகிறோம். இந்த நான்கும் சட்டென்று திறந்துவிடும், அதில் சண்டை போட ஒன்றுமில்லை. என் கேள்விகள் இரண்டு: பெயர்கூட வைக்காமல் கிறுக்கிய குறிப்பு, எடிட்டரை மூடியதும் என்ன ஆகும்? கோடுக்கு (நிரலுக்கு) நடுவே தமிழில் எழுதினால் எழுத்து உடையாமல் தெரியுமா?

முதல் கேள்வியில் நோட்பேட்++தான் ராஜா. எழுதியதை 7 நொடிக்கு ஒருமுறை தானே எடுத்து வைத்துக்கொள்கிறது, அதுவும் நாம் எதையும் தொடாமலே. சேமிக்காமல் மூடிவிட்டு மறுநாள் திறந்தால் எல்லா டேபும் போட்டது போட்டபடி இருக்கும் ("புதிய 1"-இலிருந்து "புதிய 37" வரை சேர்ந்துபோவது நம் சோம்பேறித்தனம், அதன் குற்றமில்லை). ஆனால் 2003-இல் வந்த நாளிலிருந்து இன்றுவரை விண்டோஸுக்கு மட்டும்தான்.

லினக்ஸுக்கு மாறியவர்கள் பெரும்பாலும் ஜீனியைத்தான் முதலில் பிடிக்கிறார்கள். உள்ளே இருப்பது நோட்பேட்++இல் உள்ள அதே சின்டில்லா என்ற எடிட்டிங் பாகம் என்பதால் கை உடனே பழகிவிடும், எஃப்5 அழுத்தினால் நிரல் ஓடும், சின்ன பைதான் ஸ்கிரிப்டுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம். தமிழும் சுத்தமாகத் தெரிகிறது. ஆனால் தானாகச் சேமிக்க அதோடு வரும் 'சேவ் ஆக்‌ஷன்ஸ்' செருகுநிரலை நாமே இயக்க வேண்டும். அது தெரியாமல் ஒரு சந்திப்புக் குறிப்பு முழுவதையும் தொலைத்தேன். "சேமிக்கவா?" என்று கேட்டது, வேண்டாம் என்று அழுத்தியது நான்தான்.

கேட் இவற்றைவிடக் கனம், கேடிஇ (லினக்ஸின் ஒரு டெஸ்க்டாப்) இல்லாத கணினியில் நிறுவினால் கூடவே ஒரு கூட்டம் லைப்ரரிகளும் வந்து உட்காரும். ஆனால் லாங்குவேஜ் சர்வர் (கோடைப் புரிந்து பிழை காட்டுவது), கிட் (மாற்றங்களின் வரலாற்றை வைத்திருப்பது), டெர்மினல் (கட்டளை அடிக்கும் திரை) எல்லாம் உள்ளேயே இருப்பதால் நாள் முழுக்கக் கோடு எழுதுகிறவருக்கு அந்தக் கனம் வசூலாகிவிடும். நடுவில் செயலிழந்தாலும் ஸ்வாப் என்ற தற்காலிகக் கோப்பிலிருந்து மீட்டுத் தருகிறது. விண்டோஸ், மேக்கிலும் ஓடுகிறது.

மைக்ரோ டெர்மினலுக்கானது. ஒரே ஒரு கோப்பு, சர்வரில் போட்டால் போதும். நானோ என்ற இன்னொரு டெர்மினல் எடிட்டரில் முன்பெல்லாம் சேமிக்க கன்ட்ரோல்-ஓ என்று நினைவு வைக்க வேண்டியிருந்தது, இதில் வழக்கமான கன்ட்ரோல்-எஸ்தான். ஆனால் பெரும்பாலான டெர்மினல்கள் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று கணக்குப் போடுவதால் நம் கொம்பும் காலும் இடம் மாறி, கர்சர் எங்கே நிற்கிறது என்றே புரியாது. கான்ஃபிக் (அமைப்புகள்) கோப்பைத் திருத்த மட்டும் வைத்திருக்கிறேன்.

சரி, இப்போது என் கணினியில் கோடுக்குக் கேட், குறிப்புக்கு ஜீனி, செருகுநிரலை இயக்கிவிட்டு.